கை நனைக்காத விருந்தாளிகள்

இங்கிலீஷில் டிராகூன் என்று ஒரு சொல் இருப்பதை என் மகள் எனக்கு அடுப்படியில் வைத்துச் சொன்னாள். அப்போது நான் குழம்பு தாளித்த வாசனை கூடத்துக்குப் போய்விடாமல் கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மூன்று பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நான் சோறு போடக் கூடாது. போட்டால் என் மகளின் கல்யாணம் முடிவாகிவிடும்.

இதைக் கேட்பவர்கள் இப்போது சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் முதலில் சோற்றுப் பானையைத்தான் திறந்து பார்க்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் கிராணி வேலை பார்த்தார். ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து, பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ப் பெயர் பதிய வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். இரும்புப் பெட்டியைக் கட்டி, நடையில் வைத்து, அதன்மேல் புதுக் குடையையும் சாத்தி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நல்ல மழையில், முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் என் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா. திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர். நான் அவரை அண்ணி என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். அவர் வாயில் அந்தச் சொல் பட்டமாக வருகிறதா கேலியாக வருகிறதா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. லோரியை ஓட்டி வந்தது அவருடைய மகன். பேசாத பையன். லோரி டயரைத் தனியாகத் தூக்கிப் போடுவான், மூன்று பேர் சோற்றைத் தனியாகத் தின்பான் என்று உறவில் பெயர். என் மகளுக்கு அத்தை மகன், கட்டிக்கொள்ளும் முறை. அவர்களோடு முறைகள் எல்லாம் தெரிந்தவர் என்று சொல்லப்பட்ட ஒரு பெரியவர். அண்ணி வீட்டுக்காரரின் அண்ணன். அப்புறம் அண்ணியின் நாலு வயசுப் பேத்தி.

அண்ணி ஈரச் சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, வாழைப்பழம்.

"தம்பி, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு நேரமில்ல. கோசு வாடிரும். தாப்பாவுல சரக்க இறக்கணும். என் மவனுக்கு உன் மவளக் கேட்டு வந்திருக்கேன்."

என் கணவர் வாழ்நாளில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. துரையிடம் சொன்னதில்லை, தொழிலாளிகளிடம் சொன்னதில்லை, வீட்டுக்குள் வந்து படுத்த தெரு நாயிடமும் சொன்னதில்லை. முடியாது என்ற இடத்தில் அவரிடம் வேறு ஒரு சொல் இருந்தது.

"பார்க்கலாம்க்கா."

"பாரு. பார்த்துட்டுச் சொல்லு. நான் உக்காந்திருக்கேன்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தபோது வெளியே மலை இருமியது போல ஒரு சத்தம். தோட்டத்துச் சாலை, பெரிய சாலைக்கு இறங்கும் வளைவில், மண் சரிந்து மூடிக்கொண்டது. மண் இன்னும் சரிந்துகொண்டிருந்ததால் நடந்து கடக்கவும் துரை தடை போட்டுவிட்டார். மண்வாரி இயந்திரம் வர ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்றார்கள். என் மகள் நடையில் நின்று பெட்டியைப் பார்த்தாள். அண்ணி வாசலில் நின்று முட்டைக்கோஸைப் பார்த்தார்.

பெண் கேட்டு வந்தவர்கள், பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இது எங்களுக்குள் எல்லா வீட்டிலும் உண்டு. சாப்பிடக் கை கழுவினால் சம்மதம் ஆயிற்று என்று அர்த்தம். மற்ற வீடுகளில் இது அரை மணி நேரத்துச் சடங்கு. பேசுவார்கள், சரி என்பார்கள், இலை போடுவார்கள். பேச்சு முடியாமல், வெளியே போக வழியும் இல்லாமல் விருந்தாளிகள் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன செய்வது என்று இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

முதல் சிக்கல் தேத்தண்ணியில் வந்தது. அவர்கள் நனைந்து வந்த குளிருக்கு என் கணவர், நான் தலை துவட்டத் துண்டு எடுத்து வருவதற்குள், நாலு கிளாஸ் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். இது கை நனைத்த கணக்கில் வருமா?

பெரியவர் கண்ணை மூடி யோசித்தார். "தேயிலைத் தோட்டத்துல தேத்தண்ணிங்கறது தண்ணி மாதிரி. அது சாப்பாடு இல்ல."

எனக்கு உயிர் வந்தது. உடனே அவரே கண்ணைத் திறந்தார். "ஆனா, சூசு ஊத்தினா அது சாப்பாடு."

சூசு என்றால் டின் பால். எல்லோரும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு கிளாஸில் மட்டும் ஊற்றியிருந்தார். யாருடைய கிளாஸில் என்று அவருக்கு நினைவில்லை. பெரியவர் ஒவ்வொரு கிளாஸாக எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, அடியில் வெள்ளை இருக்கிறதா என்று பார்த்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என் மகளின் வருங்காலம் ஒரு கிளாஸின் அடியில் ஒட்டியிருந்தது. நல்ல வேளை, பால் குடித்தது குழந்தை.

"பால் பல்லு விழாத பிள்ளை சாப்பிட்டா முறையில சேராது" என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். அண்ணி பேத்தியை ஒரு பார்வை பார்த்தார். பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

அன்று மாலையே எங்கள் வீட்டில் சட்டங்கள் உருவாகிவிட்டன. விருந்தாளிகள் இருக்கும் கூடத்தில் நாங்கள் சாப்பிடக் கூடாது. அடுப்படிக் கதவு மூடியிருக்க வேண்டும். குழந்தைக்கு மட்டும் அதற்குள் வைத்துச் சோறு ஊட்டலாம். பிஸ்கட் டின் என் பள்ளிப் பையில் இருந்தது. வாழைப்பழத் தாரைப் புடவையால் சுற்றிப் பரணில் வைத்தேன். பசித்த வயிற்றோடு வந்த உறவுக்காரர்களிடமிருந்து சோற்றை ஒளித்து வைத்த பெண்பிள்ளை அந்த மலையில் எனக்கு முன்னும் பின்னும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. அண்ணி எங்கள் வீட்டுக் கூடத்தைப் பெருக்கினார். அந்தப் பையன் ஒழுகிக்கொண்டிருந்த தகரக் கூரையை ஏறி அடைத்தான். பல மாதங்களாக என் கணவர் பார்க்கலாம் என்று சொல்லிவந்த ஓட்டை அது. இவ்வளவு நல்லவர்களாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவர்கள் லோரியில் ஏறி முட்டைக்கோஸைப் பச்சையாகத் தின்றார்கள். அது அவர்களுடைய சொந்தச் சரக்கு, தடையில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பிள்ளைகள் வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முயலு மாதிரி தின்னுறாங்க!" என்று ஒரு குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

பெரியவருக்குப் பல் இல்லை. அவருக்காக லோரிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்துக் கோஸை வேகவைத்துக்கொள்ள அவரே அனுமதி கொடுத்துக்கொண்டார். விறகும் தண்ணீரும் கம்பெனியுடையவை, சட்டி கடனாக வந்தது. உப்பில்தான் மாட்டிக்கொண்டார்கள். பெண் வீட்டு உப்பைத் தின்னக் கூடாது. லயத்தில் முதல் வீட்டில் கேட்டால் அவர் என் கணவருக்குப் பங்காளி. இரண்டாவது வீடு என் தம்பியின் சம்பந்தி வழி. அடுத்த வீட்டில் உறவு எதுவும் இல்லை, ஆனால் கோயில் கமிட்டியில் என் கணவர் தலைவர், அவர் செயலாளர். கோயில் பொங்கலை வாங்கித் தின்னலாமா என்ற யோசனையும் அத்தோடு அடிபட்டுப் போனது. கடைசியில் தோட்டத்து ஜாகாவிடம், அதாவது காவல்காரரிடம், போனார்கள். சீக்கியர். யாருக்கும் எந்த முறையும் இல்லாதவர். அவர் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவி, நிமிர்ந்து நின்றார்.

"கொடுக்க முடியாதுலா. டீச்சர் மகள் என்னை மாமா கூப்பிடுது. நானும் பொண்ணு வீடு."

பெரியவர் உப்பில்லாத கோஸைத் தின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சக்தியில்லை.

அதன்பிறகு லயமே எங்கள் வாசலுக்கு வந்தது. கொழுந்துக் கூடையை முதுகிலேயே மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற அம்மா இடுப்பில் கை வைத்தார்.

"என்னா டீச்சரு, பிள்ளைங்களுக்கு விருந்தோம்பல்னு பாடம் நடத்துறீங்க. இங்க என்னா நடக்குது?"

"நான் என்ன செய்யட்டும்? அவங்கதான் சாப்பிட மாட்டேங்கறாங்க."

"சரின்னு ஒரு வார்த்தை சொன்னா சாப்பிடப் போறாங்க. ஒரு வார்த்தைக்கு என்னா, காசா பணமா?"

"புள்ள படிக்கணும்."

"படிக்கட்டும். யாரு வேணாங்கிறா? கட்டிக்கிட்டுப் படிக்கட்டும். அதுக்காக மூணு உசிர வெச்சுக் கொல்றதா?"

"அந்தப் பையனப் பாரு, எப்படி இருந்தவன், ரெண்டே நாள்ல இளைச்சுட்டான்" என்றார் பின்னால் ஒருவர். அந்தப் பையன் இளைக்கவில்லை. இருந்தாலும் எல்லோரும் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். என் மகளை யாரும் பார்க்கவில்லை. அவள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலையில் அண்ணி அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல். ஓங்கி அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "என்னய ஒண்ணும் நெனச்சுக்காத தம்பி" என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. பார்க்கலாம் என்ற சொல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போய், அடியிலிருந்து வேறொரு சொல் மேலே வந்துகொண்டிருந்தது.

நான் அடுப்படிக்கு ஓடினேன். எங்களுக்கும் பசிக்கும் அல்லவா? சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, ரசமும் வைத்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தது மடத்தனம். அந்த வாசனைக்கு ஈரத்துணி எந்த மூலைக்கு? அப்போதுதான் மகள் பக்கத்தில் வந்து நின்று, ஏதோ பாடம் ஒப்பிப்பதைப் போல, சொன்னாள்.

"அம்மா, இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு. டிராகூன்."

அவள் ஐரோப்பிய வரலாறு படித்தவள். டிராகூன் என்பவர்கள் பிரெஞ்சு நாட்டுக் குதிரைப்படை வீரர்களாம். அவர்கள் வைத்திருந்த குட்டைத் துப்பாக்கி நெருப்பைக் கக்கும் என்பதால் அதற்கு அந்த நாட்டு மொழியில் டிராகன் என்று பெயர், துப்பாக்கியின் பெயரே பிடித்திருந்த ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது என்கிறார்களாம். ராஜாவின் மதத்துக்கு வர மறுத்த குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வீடுகளில் ராஜா இந்த வீரர்களைத் தங்க வைத்தார். வந்தவர்கள் இருப்பதையெல்லாம் தின்பார்கள், குடிப்பார்கள், சாமான்களை உடைப்பார்கள், ஆளையும் அடிப்பார்கள், தூங்க விட மாட்டார்கள். வீட்டுக்காரர் மாறிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொள்கிற வரை கிளம்ப மாட்டார்கள். அதைப் பார்த்த இங்கிலீஷ்காரர்கள் அந்த வீரனின் பெயரையே ஒரு செயலின் பெயராக்கிக்கொண்டார்கள். விருப்பம் இல்லாத ஒருவரை நெருக்கி நெருக்கி ஒன்றுக்குச் சம்மதிக்க வைத்தால், அவரை டிராகூன் செய்தார்கள் என்று சொல்வார்களாம்.

"வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டே செய்யறதும்மா. அதான் விஷயம்" என்றாள்.

நான் கையில் துணியோடு நின்றேன். "அவனுங்களாவது சாப்பிட்டானுங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த மூன்று நாளில் முதல் சிரிப்பு. வாயில் தாவணியை அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்பா சரின்னு சொல்லிடுவாரும்மா" என்றாள். "எனக்கு அப்பா முகம் தெரியும்." நான் அவள் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாயடியில், அந்தப் பையன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். வெகு நேரமாகக் கழுவிக்கொண்டிருந்தான்.

கூடத்தில் என் கணவர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் கதவைத் திறந்துகொண்டு ஓடினோம். துணி விழுந்தது, கருவாட்டு வாசனை எங்களுக்கு முன்னால் கூடத்துக்குப் போனது. பெரியவர் கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தார். அண்ணி நிமிர்ந்தார். வாசலில் லயத்துக்காரர்கள். என் கணவர் எழுந்து நின்றார், வாயைத் திறந்தார்.

"அக்கா..."

அந்தப் பையன் பின்பக்க வழியாக உள்ளே வந்தான். ஈர முகம். யாரையும் பார்க்காமல் நடந்துபோய் என் மகளுக்கு முன்னால் நின்றான். மூன்று நாளில் நான் கேட்ட அவன் முதல் வார்த்தை அது.

"தங்கச்சி, சோறு போடு."

தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் தலையை என் பக்கம் திருப்பினான். அதுவரை என்னை அத்தை என்று கூப்பிட்டவன்.

"சித்தி, ரசம் இருக்கா?"

என் மகள் எனக்கு முன்னால் புரிந்துகொண்டாள். ஓடிப்போய்த் தட்டு எடுத்து வந்தாள், சோற்றைக் குவித்தாள், குழம்பை ஊற்றினாள். "இந்தாண்ணே" என்றாள். அத்தான் என்று கூப்பிட வேண்டியவனை, இத்தனை பேர் முன்னால், அண்ணன் என்று கூப்பிட்டாள். அவன் கையை நனைத்தான். பிசைந்தான். முதல் கவளம் வாய்க்குள் போனது. வாசலில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தார். "டேய், என்னாடா சொன்ன? அவ உனக்குத் தங்கச்சின்னா, அவ அப்பன் உனக்குச் சித்தப்பன். சித்தப்பன்னா எனக்குக் கொழுந்தன். என் தம்பி எனக்குக் கொழுந்தனாடா? கிறுக்குப் பயலே!"

அவன் வாய் நிறையச் சோறு. அடுத்த கவளத்தைப் பிசைந்தான்.

அண்ணி பெரியவரிடம் திரும்பினார். "மாமா, நீங்க சொல்லுங்க. இது செல்லுமா?"

பெரியவர் என் மகளின் கையில் இருந்த குழம்புச் சட்டியைப் பார்த்தார். அதையே வெகு நேரம் பார்த்தார். அதன் பிறகு தீர்ப்புச் சொன்னார். "வாயால தங்கச்சின்னு சொல்லி, அது கையால சோறும் தின்னுட்டான். இனி கட்ட முடியாது. பெண் கேட்ட பேச்சு முடிஞ்சு போச்சு." இழுத்து மூச்சு விட்டு, கையை நீட்டினார். "பேச்சு முடிஞ்சதால இனி நாமளும் சாப்பிடலாம். எனக்கும் ஒரு தட்டு வைம்மா. உப்புப் போட்டதுதானே?"

அதன் பிறகு நடந்ததைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. சோறு தீர்ந்து மறுபடி உலை வைத்தேன். அதுவும் தீர்ந்தது. குழம்பு, ரசம், ஊறுகாய், பரணில் இருந்த பழம், பள்ளிப் பையில் இருந்த பிஸ்கட். அவர்கள் கொண்டுவந்த தாம்பாளத்து வாழைப்பழத்தையும் அவர்களே தின்றார்கள். அரிசி டின்னின் அடியில் படி உரசும் சத்தம் கேட்டது. என் மகள் அந்தப் பக்கம் போகும்போது என் காதில் "இப்பத்தான் நிஜ டிராகூன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் மகன் தன் தட்டிலிருந்து ஒரு உருண்டை பிடித்து நீட்ட, அவன் கையை ஒரு அடி அடித்துவிட்டு வாங்கிச் சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். நிறையச் சாப்பிட்டார்.

நாலு மணிக்கு வளைவைத் துப்புரவாக்கிவிட்டார்கள். மறுநாள் காலை வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. மலையடிவாரத்தில் தாப்பாவில் என் தம்பி இருந்தான். அவன் விடியற்காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிப் போய்விடுவான். தாப்பா வரை போக ஒரே வண்டி அந்த முட்டைக்கோஸ் லோரிதான். இரும்புப் பெட்டியை அந்தப் பையன் ஒரு கையால் தூக்கிக் கோஸுக்கு மேல் வைத்தான். என் மகள் முன்னால், அண்ணிக்கும் அவனுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் குழந்தை. பெரியவர் வயிறு நிறைந்து பின்னால் கோஸுக்கு மேல் சாய்ந்துகொண்டார்.

எனக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது, வேண்டாம் போலவும் இருந்தது. அவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"டீச்சர், குழம்புல உப்புக் கொஞ்சம் தூக்கல்."

லோரி இறங்கிப் போய்விட்டது. என் கணவர் அதே இடத்தில் நின்று மழைச் சகதியில் டயர்த் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, நான் அக்காவுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். நான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். அவருக்கு வைக்கச் சோறு இல்லை. தேத்தண்ணி போட்டு, சூசு ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தப் பையன் அன்று செய்தது தெரிந்து செய்ததா, பசியில் செய்ததா என்று என்னால் வெகு நாள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, தன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது நேராகவே கேட்டேன். "பசிதான் சித்தி" என்றான். உட்காருவதற்கு முன்பே தட்டைக் கையில் கொடுத்திருந்தேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அப்படித்தான். யார் வந்தாலும் முதலில் சாப்பிட வேண்டும், வந்த விஷயம் அப்புறம். வேண்டாம் என்று சொல்கிறவர்களை விடுவதில்லை, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறேன். மகள் லீவில் வரும்போது இதைப் பார்த்துவிட்டு அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிக் கேலி செய்கிறாள். செய்யட்டும்.

அவள்தான் பிறகு ஒரு லீவில் வந்தபோது சொன்னாள். அன்று லோரி தாப்பா மலை வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அண்ணியும் குழந்தையும் தூங்கிவிட்ட பிறகு, அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவளிடம் ஒன்று கேட்டானாம்.

"தங்கச்சி, அந்தப் பட்டாளத்துக்காரனுங்க, வீட்டுக்குள்ள வந்து உக்காந்தானுங்களே, அதுல ஒருத்தன்கூடவா எந்திரிச்சுப் போகல?"

பாடப் புத்தகத்தில் அது இல்லை என்று சொன்னாளாம்.